பருவுக்குப் போடும் ஜெல் ஏன் கேட்பதில்லை? டெல்டா பக்கத்து அனுபவங்கள்

மருந்தாளுநர், கும்பகோணம்:
"அடாபலீன் ஜெல் போட்டேன், கேட்கலை" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். விசாரித்தால் பெரும்பாலும் போட்ட விதம்தான் தப்பாக இருக்கும். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பார்கள். அடாபலீன் அடுத்து வரவிருக்கும் பருவைத் தடுக்கிற மருந்து. பரு வருகிற பகுதி முழுக்கப் பூச வேண்டும்.

ராத்திரி முகம் கழுவி, துண்டால் ஒற்றி, 15–20 நிமிஷம் நன்றாகக் காய விடுங்கள். 0.1 சதவீத ஜெல் மொத்த முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளி வைத்து மெல்லப் பரப்புங்கள். கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். அங்கேதான் முதலில் எரிந்து தோல் உரியும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்படியும் எரிந்தால் மாய்ஸ்சரைசர் தடவிவிட்டு அதன்மேல் ஜெல்.

முதல் சில வாரங்களில் பரு கூடினாற்போலத் தெரியும். அப்போதுதான் டியூப்பைத் தூக்கிப் போடுகிறார்கள். துளை அடைபட்டு அது பருவாக வெளியே தெரியவே வாரக்கணக்கில் ஆகும், அதனால் 8 முதல் 12 வாரம் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும்.

காலையில் பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் போதும். 5, 10 என்று ஏற்றினால் எரிச்சல்தான் கூடும். இது பட்டால் கலர் துண்டு, தலையணை உறை, யூனிஃபார்ம் காலர் எல்லாம் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். முகத்துக்கென்று ஒரு வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும். பெராக்சைடோடு சேர்த்துத்தான் போட வேண்டும்.

தோல் பிரிவு செவிலியர், தஞ்சாவூர்:
சார் சொன்னது அத்தனையும் சரி. அதைவிடப் பயமாக இருப்பது "சிவப்பாக்கும்" என்று கைமாறும் க்ரீம்கள்தான். டியூப்பில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் வாரம் பருவின் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆகும். அதைப் பார்த்துத்தான் கல்யாண வீட்டிலிருந்து ஹாஸ்டல் வரை பரவுகிறது. போகப்போகத் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரியும், வெயில் பட்டால் எரியும், ஒரே அளவில் பொடிப் பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் இன்னும் பொங்கும், பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். மாதக்கணக்கில் போட்டிருந்தால் தயவுசெய்து தனியாக மல்லாடாதீர்கள், டாக்டரிடம் வந்துவிடுங்கள்.

விடுதிக் காப்பாளர், மயிலாடுதுறை:
எண்ணெய் பற்றி ஒன்று. வெள்ளி, சனி எண்ணெய்க் குளியலை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் தலையில் வழிய வழிய வைத்துக்கொண்டு தூங்கினால், முடியோரமும் நெற்றியும் பொடிப் பருவால் நிறையும். குளிக்கும்போது நெற்றியையும் சேர்த்து அலசச் சொல்லுங்கள். முகம் கழுவுவது இரண்டு வேளை, விளையாடி வியர்த்தால் இன்னொரு முறை. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும், வேண்டவே வேண்டாம்.

தோல் மருத்துவர், திருவாரூர்:
நம் பக்கத்துப் புழுக்கத்தில் இன்னொன்றும் வரும். நெற்றி, மார்பு, முதுகில் ஒரே மாதிரி பொடிக் கொப்புளம், கூடவே அரிப்பு என்றால் அது பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கூடும்.

பெண் பிள்ளைக்கு மாதவிடாய் தள்ளித்தள்ளிப் போய், தாடையில் பருவும் முடியும் சேர்ந்து வந்தால் ஹார்மோனைப் பார்க்க வேண்டும். ஆழமான கட்டிகளோ குழித் தழும்போ தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். குழி விழுந்த பிறகு அதை நிரப்புவது பெரும்பாடு. ஆழமான கட்டிப் பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை நல்ல மருந்து. ஆனால் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். ஆகவே பரிசோதனை இல்லாமல், சீட்டு இல்லாமல், தோழி தந்தாள் என்று ஒரு மாத்திரைகூட வாயில் போடக் கூடாது. சாப்பிடும் காலத்தில் கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தம் பார்ப்போம். உதடு வறண்டு வெடிக்கும், வாசலின் போதும்.

தஞ்சை, திருவாரூர், நாகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. வரும்போது இதுவரை பூசிய டியூப் எல்லாவற்றையும், காலியானதையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.