ரோபோ வாக்குவம் டாக்குக்கு எந்தப் பை வாங்குவது?

வேளச்சேரி மூணாம் மாடி:
தானே டாக்குக்கு (அது வந்து நிற்கும் பெட்டி) போய், அதற்குள் இருக்கும் பையில் குப்பையைக் கொட்டிக்கொள்ளும் ரோபோ வாக்குவம் வைத்திருக்கிறோம். கூட வந்த பைகள் தீர்ந்துவிட்டன. கம்பெனிப் பை மூன்று வாங்கும் காசுக்கு, பேர் தெரியாத பை பத்து ஆன்லைனில் வருகிறது. ஒருத்தன் ‘ஹெப்பா’ (நுண்தூசியைப் பிடிக்கும் ஃபில்டராம்) என்கிறான், இன்னொருத்தன் ‘பல அடுக்கு’ என்கிறான். துவைத்துப் போடலாம் என்று துணிப் பை வேறு. மாமியார் ஓட்டு அதற்குத்தான். “குப்பையைப் போடுறதுக்குக் காசு கொடுத்துப் பை வாங்குவாங்களா?” என்கிறார். பதில் சொல்ல வரவில்லை.

பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது, ஜன்னலை மூடினாலும் சிமெண்ட் தூசி வருகிறது. பூஜை ரூமில் விபூதி சிந்தும். வீட்டுக்காரருக்கு வீசிங் உண்டு. பை பாதிகூட நிரம்பியிருக்காது, அதற்குள் ‘பை நிறைந்துவிட்டது’ என்று ஆப் கத்துகிறது. எதைப் பார்த்து வாங்கணும்?

அம்பத்தூர் மோட்டார்:
மேடம், துணிப் பை மட்டும் வேண்டாம். இந்த டாக்குகளைக் கழற்றி மாட்டுவதுதான் என் வேலை. டாக்குக்குள் இருக்கும் மோட்டார் இழுக்கிற இழுப்பில் குப்பை பைக்குள் நிற்கும், காற்று மட்டும் பையின் உடம்பு வழியாக வெளியேறி மோட்டார் பக்கம் போகும். ஆக, பைதான் முதல் ஃபில்டர். துணியில் சிமெண்ட் தூசி நிற்காது. பின்னாடி இருக்கும் சின்ன ஃபில்டரை அடைக்கும், மிச்சம் மோட்டாருக்குள் போகும். ஒரு டாக்கைத் திறந்தபோது மோட்டார் மூடிமேல் விரலால் பேர் எழுதலாம் போல மாவு படிந்திருந்தது. துணிப் பை போட்ட வீடு. அதுவும் போக, அந்தப் பையை யார் உதறுவது? வீசிங் இருக்கிற வீட்டில்?

பாதிப் பையிலேயே ஆப் கத்துவதற்கும் காரணம் இருக்கிறது. பல டாக்குகள் குப்பையின் அளவைப் பார்ப்பதில்லை, காற்று தடைபடுவதைத்தான் பார்க்கின்றன. விபூதி, கோலமாவு, சிமெண்ட் எல்லாம் பையின் உள்பக்கம் படலமாக ஒட்டி அதன் கண்களை அடைத்துவிடும். உள்ளே இடம் இருக்கும், மூச்சு இருக்காது. அந்தப் பையைக் கிழித்துக் கொட்டி, ஸ்டேப்ளர் அடித்துத் திரும்ப மாட்டுவதும் வீண்.

ஜூரோங் தமிழன்:
சிங்கப்பூரிலிருந்து. ‘ஹெப்பா’ என்ற சொல்லைப் பார்த்து மயங்காதீர்கள். ஐரோப்பிய விதிப்படி எச்13 என்ற ஹெப்பா தரம் என்றால் நுண்தூசியில் 99.95 சதவீதம் வடிகட்ட வேண்டும், ‘ஹெப்பா டைப்’ என்று போட்டால் அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. பை நன்றாக வடிகட்டினாலும், அதை டாக்கில் மாட்டும் அட்டை வாய் சரியாகப் பொருந்தாவிட்டால் தூசி பக்கவாட்டில் தப்பிவிடும். நான் முதலில் பார்ப்பது அந்த அட்டை வாயைத்தான்.

ரோபோவின் மாடலை வைத்துத் தேடாதீர்கள், டாக்கின் மாடல் எண்ணைப் பாருங்கள். ஒரே பிராண்டிலேயே டாக் மாறினால் பை மாறும். பழைய பையின் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, புதுசு வந்ததும் மேலே வைத்துப் பாருங்கள். ஓட்டையின் அளவு, அட்டையின் தடிமன், ஓரத்துக் காடி மூன்றும் ஒத்துப்போகணும். மெல்லிய அட்டை மாட்டும்போதே வளையும். கழற்றும்போது வாயை மூடிக்கொள்ளும் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் வீட்டில் அது கட்டாயம் வேண்டும்.

மதுரை மீனா:
பை நிறையாவிட்டாலும் ரொம்ப நாள் விட்டுவைக்காதீங்க. சாதப் பருக்கை, இட்லித் துணுக்கு எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. எங்க வீட்டில் டாக்கைத் தேடி எறும்பு வரிசை கட்டிடுச்சு. ஈரத் தரையில் ஓடவிட்டா பைக்குள்ள பூஞ்சை வாடை அடிக்கும். இன்னொண்ணு, புதுப் பை மாட்டியும் கத்தினா குழாயைப் பாருங்க. தலைமுடி உருண்டு அடைச்சிருக்கும்.

வேளச்சேரி மூணாம் மாடி:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு கடைகளில் ஒவ்வொரு சின்ன பாக்கெட் வாங்கிப் பார்த்தேன். ஒன்றின் வாய் தபால் அட்டை கனம்தான் இருந்தது. அதை மாட்டி ஒரு வாரம் ஓட்டிவிட்டு, டாக்கின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறம். அதைத் திருப்பி அனுப்பியாச்சு. இன்னொன்றுக்கு பிளாஸ்டிக் வாய், தள்ளினால் மூடிக்கொள்கிறது. துடைத்த துணி வெள்ளையாகவே இருக்கிறது. கம்பெனிப் பையைவிட விலை பாதிதான், இப்போதைக்கு இதுவே போதும்.

ஆப்பில் பூஜை ரூமைச் சுற்றித் தடைக்கோடு போட்டுவிட்டேன். அங்கே மாமியாரும் துடைப்பமும்தான். அவருக்கு அதில் பரம திருப்தி. ஒரே ஒரு சந்தேகம்: பைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஃபில்டரைக் கழுவலாமா?

அம்பத்தூர் மோட்டார்:
கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் மட்டும். வெறும் தண்ணீர், சோப்பு போடக் கூடாது. நிழலில் 24 மணி நேரமாவது காயட்டும், ஈரத்தோடு மாட்டாதீர்கள். கழுவக் கூடாத வகை என்றால் மெதுவாகத் தட்டிவிட்டுப் போடுங்கள். அதையும் பால்கனியில், வீட்டுக்காரர் இல்லாதபோது.