கால் அறுவை டாக்டரோடு நின்று பார்க்கணும்: பெங்களூரில் எப்படி?

அல்சூர்_நிலா:
வணக்கம். இரண்டாம் பி.யு.சி. (பிளஸ் டூ), பயாலஜி படிக்கிறேன். போடியாட்ரி (பாத மருத்துவம்) எடுக்கலாமா என்று யோசனை. அதற்கு முன்னால் கால் சர்ஜன் ஒருவர் பக்கத்தில் சில நாள் நின்று பார்க்க ஆசை. யாரைக் கேட்பது? ஆபரேஷன் தியேட்டருக்குள் விடுவார்களா? எதைக் கவனிக்கணும்?

ஃபிரேசர்டவுன்_ஆர்த்தோ:
முதலில் யார் யார் என்று தெரிஞ்சுக்கோம்மா. இங்கே 'ஃபுட் அண்ட் ஆங்கிள் சர்ஜன்' என்று போர்டு இருந்தால் அவர் எம்.பி.பி.எஸ்., அதன்மேல் ஆர்த்தோவில் (எலும்பு மருத்துவத்தில்) எம்.எஸ். அல்லது டி.என்.பி. முடித்தவர். அதாவது வழி நீட் வழியாகத்தான். சர்க்கரை நோயால் காலில் வரும் புண்ணைப் பெரும்பாலும் ஜெனரல் சர்ஜனோ ரத்தக்குழாய் சர்ஜனோ பார்ப்பார்.

அமெரிக்காவில் வேறு கதை: ஒரு டிகிரி, பிறகு எம்கேட் நுழைவுத் தேர்வு, நாலு வருஷம் டி.பி.எம். என்ற போடியாட்ரிப் படிப்பு, மூணு வருஷம் ரெசிடென்சி. அவர்களே ஆபரேஷன் செய்வார்கள். பிரிட்டனில் மூணு வருஷ பி.எஸ்ஸி., அப்புறம் எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு, கத்தி எடுக்க மேற்கொண்டு தனிப் பயிற்சி வேணும். டி.பி.எம். முடித்து ஊர் திரும்பினால் இங்கே சர்ஜனாக வேலை செய்ய முடியாது, அது எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஈடில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பல கேட்பது டி.பி.எம். படித்த ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தை. இங்கே நின்று பார்ப்பது உன் தெளிவுக்கு, விண்ணப்பத்துக்கு அல்ல.

டிரெஸ்ஸிங்_ரூம்:
தியேட்டரை விட்டுட்டு டிரெஸ்ஸிங் ரூமைக் கேளுங்க. சர்க்கரை நோய் பார்க்கும் கர்நாடகா இன்ஸ்டிட்யூட் ஆஃப் எண்டோக்ரினாலஜி அண்ட் ரிசர்ச்சில் போடியாட்ரிப் பிரிவே இருக்கு; துறைத் தலைவருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்க. ஒரே நாள் போதாது. அதே புண்ணை அடுத்த வாரமும் பார்த்தால்தான் எது ஆறுது, எது ஆறலைன்னு புரியும்.

பாதத்தில் உணர்ச்சி இருக்கான்னு பார்க்க 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை வளையும்வரை அழுத்தி ஒரு நொடியில் எடுப்பாங்க. காய்ப்பு மேல் வைத்தால் முடிவு தப்பாகும், பக்கத்து நல்ல தோலில் வைக்கணும். டாப்ளர் என்ற ரத்த ஓட்டக் கருவியில் எடுத்த கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்து 0.9க்குக் கீழே வந்தால் ரத்த ஓட்டம் குறைவு. 1.3க்கு மேலே வந்தால் சந்தோஷப்படாதீங்க. ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி, கஃப் (பி.பி. பார்க்கும் பட்டை) அதை அமுக்க முடியாததால் வரும் எண் அது. அப்போ கால் விரலில் அழுத்தம் பார்ப்பாங்க.

மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெல்ல விடும்போது கிட்டே நின்னு பாருங்க. கல்லில் பட்ட மாதிரி 'டொக்'னு நின்னா எலும்பைத் தொட்டாச்சு. எலும்பிலேயே தொற்று இருக்கலாம். அந்த நேரம் நோயாளி முகத்தையும் பாருங்க. வலியே தெரியாமல் பேரன் ஸ்கூல் பத்திப் பேசிட்டிருப்பார். ஆபத்து அங்கேதான்.

புண்ணைச் சுத்தம் செய்வது பாதி வேலை. அந்த இடத்தில் எடை விழாமல் பண்ணுவது மீதி. டோட்டல் கான்டாக்ட் காஸ்ட் (பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு) போட்டால் வீக்கம் வடிந்து தளரும். முதல் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் அதுவே உரசிப் புதுப் புண் ஆக்கும். சீழ் இருந்தாலோ ரத்த ஓட்டம் மோசமானாலோ போடவே கூடாது. எம்.சி.ஆர். (மென்ரப்பர்) செருப்பில் பின்பட்டை இருக்கான்னு பாருங்க: மரத்த காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. சின்ன வயசில் கொல்லிமலையில் இருந்த டாக்டர் பால் பிராண்டு, வேலூரில் தொழுநோயாளிகளின் மரத்த கால்களைப் பார்த்துப் பார்த்து வளர்த்த பாடம்தான் இன்று சர்க்கரைக் காலுக்கும் உதவுது.

ஸ்ரீராம்புரம், சிவாஜிநகர்ப் பெரியவங்க கால் மரத்துப்போவதை 'மதமதங்குது', 'பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு'ம்பாங்க, கன்னடத்தில் 'ஜோமு'. அப்படியே குறிச்சுக்கோங்க.

அல்சூர்_நிலா:
ரொம்ப நன்றி. எனக்கு 17 வயசு. தியேட்டர் கிடைத்தால் என்ன தயாரிப்பு?

ஃபிரேசர்டவுன்_ஆர்த்தோ:
18க்குக் கீழே பல ஆஸ்பத்திரிகள் தியேட்டருக்குள் விடாது, ஓ.பி.க்கு அப்பா அம்மா கையெழுத்திட்ட கடிதம் எடுத்துட்டுப் போ. ஹெபடைடிஸ் பி ஊசியை இப்பவே ஆரம்பி: இன்று, ஒரு மாதம், ஆறு மாதம். மூணும் முடிய எப்படியும் 18 நெருங்கிடும்.

உள்ளே போகும் நாளில் சாப்பிட்டுட்டுப் போ. டயதர்மி (மின்சூட்டால் திசுவைச் சுடும் கருவி) புகையில் வெறும் வயிற்றோடு நின்றால் மயக்கம் வரும். முழங்காலை விறைப்பாக வைக்காதே. கண் இருட்டினால் சுவரோரம் உட்கார்ந்துடு, கிருமி நீக்கிய பச்சைத் துணிப் பக்கம் சாயாதே. சி-ஆர்ம் (எக்ஸ்ரே கருவி) ஓடும்போது வெளியே வந்துடு. நோயாளியிடம் அனுமதி கேட்காமல் எதையும் பார்க்காதே. போன் பையிலேயே இருக்கட்டும், புண்ணைப் படம் பிடிப்பது கூடவே கூடாது.