ஏற்காட்டில் எடுக்கும் ஏ.சி.டி.எச் சாம்பிள் சேலம் போய்ச் சேரும்வரை தாங்குமா?

மலை_லேப்:
ஏற்காட்டில் கலெக்‌ஷன் சென்டர். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவுக்குக் காலை 8 மணி கார்டிசால் (சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்), ஏ.சி.டி.எச் (அதைச் சுரக்கச் சொல்லும், மூளையடியிலுள்ள பிட்யூட்டரியின் ஹார்மோன்) இரண்டும் எழுதி வந்திருக்கிறது. கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருக்கிறது. அப்போது பால் சுரக்கவில்லை, அதற்கப்புறம் மாதவிடாயும் வரவில்லை. ஓயாத அசதி. சோடியம் 126 (குறைவு), பொட்டாசியம் 4.1 (நார்மல்), தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச் நார்மல். எங்களிடம் சாதா சென்ட்ரிஃபியூஜ்தான். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் லேபில் சேர்க்க ஒரு மணி நேரம் தாண்டிவிடும். ஐஸில் வைத்து அனுப்பினால் போதுமா? மூட்டு வலிக்கு ஏதோ மாத்திரை சாப்பிடுகிறாராம், நிறுத்தச் சொல்லவா?

அஸ்தம்பட்டி_பயோகெம்:
கார்டிசாலைப் பற்றிக் கவலையே வேண்டாம். சீரம் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது, அங்கேயே எடுங்கள். ஏ.சி.டி.எச் அப்படியில்லை. ரத்தத்தில் இருக்கும் என்சைம்களே அதைச் சிதைத்துவிடும், சாம்பிள் ஹீமோலைஸ் ஆனால், அதாவது சிவப்பணுக்கள் உடைந்தால், இன்னும் வேகமாக. முடிந்தால் அந்த அம்மாவையே முதல் பஸ்ஸில் சேலத்துக்கு வரச் சொல்லி, இரண்டையும் இங்கேயே 8 மணிக்கு எடுப்பதுதான் நல்லது.

அங்கேதான் எடுத்தாக வேண்டும் என்றால், ஊதா மூடி ஈ.டி.டி.ஏ டியூப், பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடியில் ஏ.சி.டி.எச் ஒட்டிக்கொள்ளும். டியூபை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்தவுடன் ஐஸும் தண்ணீரும் கலந்த டப்பாவில் கழுத்துவரை முங்க வைக்க வேண்டும். உப்புப் போட்டுவிடாதீர்கள், ரத்தம் ஐஸாக உறைந்து ஹீமோலைஸ் ஆகிவிடும். சென்ட்ரிஃபியூஜ் பக்கெட்டை முந்தின இரவே ஃபிரீசரில் வைத்துக் குளிர வைத்து, உடனே சுற்றி, பிளாஸ்மாவை வேறு பிளாஸ்டிக் குழாயில் மாற்றி உறைய வையுங்கள். உறைந்தது வழியில் உருகக் கூடாது, அவ்வளவுதான். ஈரத்தில் லேபிள் உரியும், மார்க்கரால் டியூபிலேயே எழுதிவிடுங்கள்.

இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. அட்ரீனலே பழுதானால் ஏ.சி.டி.எச் எகிறும், பிட்யூட்டரி பழுதானால் குறைவாகவோ நார்மலாகவோ நிற்கும். எகிறிய சாம்பிள் வழியில் சிதைந்து நார்மல் என்று வந்தால், பழி பிட்யூட்டரி மேல் விழும். அட்ரீனல் கோளாறுக்குத் தேவையான ஃபுளுட்ரோகார்டிசோன் (உடலில் உப்பைக் காக்கும் மாத்திரை) அந்த நோயாளிக்குக் கிடைக்காமலே போய்விடும்.

ஓமலூர்_எம்டி:
நீங்கள் சொன்னது அப்படியே ஷீஹன் சிண்ட்ரோம் படம். 1937-இல் ஹெரால்ட் ஷீஹன் விவரித்தது. கர்ப்பத்தில் பருத்திருக்கும் பிட்யூட்டரிக்குப் பிரசவ ரத்தப்போக்கில் ரத்த ஓட்டம் நின்று செல்கள் மடிந்துவிடுகின்றன. பொட்டாசியம் நார்மல் என்பதும் பொருந்துகிறது, ஏனென்றால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும் அட்ரீனல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் பிட்யூட்டரியை நம்பி இல்லை. உள்ளங்கை ரேகையும் ஈறும் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். கருத்திருந்தால் கதை வேறு, அட்ரீனலைச் சந்தேகிக்க வேண்டும்.

டி.எஸ்.எச் நார்மல் என்று தைராய்டை விட்டுவிடக் கூடாது. கெட்ட பிட்யூட்டரி தரும் டி.எஸ்.எச்சை நம்பவே முடியாது, ஃபிரீ டி4 (தைராய்டு ஹார்மோனின் அளவு) சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அது குறைவாக வந்தாலும் முதலில் ஸ்டீராய்டு, அப்புறம்தான் தைராக்ஸின். வரிசை மாறினால் இருக்கிற கொஞ்ச கார்டிசாலும் வேகமாகச் செலவாகி ஆள் மடக்கென்று விழுந்துவிடுவார். காலைக் கார்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு கிட்டத்தட்ட உறுதி, 15-க்கு மேல் என்றால் பெரும்பாலும் இல்லை. நடுவில் நின்றால் ஏ.சி.டி.எச் ஊசி போட்டு மறுபடி அளக்க வேண்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிரெட்னிசோலோன் (ஒரு ஸ்டீராய்டு) என்றால் பல கிட்டுகளில் அதுவே கார்டிசால் போலக் கணக்காகும். கடைசி டோஸிலிருந்து 24 மணி நேரம் விடலாமா என்பதை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். பெயரில்லாத பொடி, முட்டியில் போட்ட ஊசி, கருத்தடை மாத்திரை, பயோட்டின் வைட்டமின் எல்லாவற்றையும் கேட்டு ஃபார்மில் எழுதுங்கள்.

வார்டு_அக்கா:
ஒன்று சேர்க்கிறேன் தம்பி. ரிசல்ட் வருவதற்குள் வாந்தி, மயக்கம், பி.பி இறக்கம் என்றால் டெஸ்டுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அங்கே ரத்தம் எடுத்த கையோடு ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசியும் நார்மல் சலைனும் போய்விட வேண்டும். ஊசி போனதும் சிறுநீர் நிறையப் பிரியும், சோடியம் கிடுகிடுவென ஏறும். 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறவிட்டால் மூளைக்கு ஆபத்து. 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

மலை_லேப்:
நன்றி சார், அக்கா. ஈறில் கருப்பு இல்லை. நாளைக் காலையே சேலத்துக்கு வரச் சொல்கிறேன், மாத்திரை அட்டையோடு.