புனுன் மலைப்பள்ளியின் பாடமுறை நம் கோயில் வகுப்புகளுக்குப் பொருந்துமா?

கேள்வி: திரியோலே, கோயில் வகுப்பு ஆசிரியை

வணக்கம். தைவானின் மலையூர்களில் வாழும் புனுன் பழங்குடியினர் தினைப் பயிரையும் வேட்டையையும் கூட்டுப் பாடலையும் மையமாக வைத்து ஊர்ப்பள்ளியை அமைக்கிறார்கள். நம் மொரிசியஸ் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாக நிற்கிறது. சனிக்கிழமை வகுப்பில் நானும் அதே பாடநூலைத்தான் திரும்ப நடத்துகிறேன். அவர்களிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம்?

மறுமொழி: மோக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அம்மா, புனுன் மக்கள் தினைச் சடங்குகளுக்குரிய நாள்களை மரப்பலகையில் குறியீடுகளாகச் செதுக்கி வைத்தவர்கள். அந்த ஆண்டுச் சுழற்சியையே பாடத்திட்டமாக்கினால், விதைக்கும் பருவத்தில் மண் அறிவியலாகிறது. சிறுவர்கள் மானின் காதைக் குறிவைத்து அம்பெய்யும் ஏப்ரல், மே மாத விழாவில் காடு பாடமாகிறது. தினை செழிக்க வேண்டி ஆண்கள் வட்டமாக நின்று, ஒருவர் முதுகுக்குப் பின்னே ஒருவர் கைகோத்து, குரல்களைப் படிப்படியாக உயர்த்திப் பாடும் பசிபுத்புத் என்னும் கூட்டுப் பாடலை 1943இல் குரோசாவா தகாதோமோ என்னும் ஜப்பானிய இசையறிஞர் ஒலிப்பதிவு செய்தார். அருகிலிருப்பவரின் குரலைக் கேளாதவரால் அதைப் பாடவே முடியாது. இதைவிட நல்ல வகுப்பறைப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. சட்டமும் அவர்களுக்குத் துணைநின்றது. 1998இல் பழங்குடியினர் கல்விச் சட்டமும் 2014இல், பள்ளிகள் வழக்கமான பாடத்திட்டத்திலிருந்து விலகித் தமக்கேற்ற முறையில் கற்பிக்க இடமளிக்கும் சோதனைமுறைக் கல்விச் சட்டங்களும் வந்தன. 2016இல் தைவானின் தாய்சுங்கில் அத்தயல் என்னும் மற்றொரு பழங்குடியினரின் பள்ளியொன்று முதலில் இம்முறைக்கு மாறியது.

மறுமொழி: ரோஸ் ஹில், ஒரு பெற்றோர்

ஐயா சொல்வது சரியே. ஆயினும் புனுன் மக்களுக்குச் சொந்த மலையும் மொழியும் இருக்கின்றன. என் பிள்ளைகள் வீட்டில் பேசுவது இத்தீவின் பேச்சுமொழியான கிரியோல். கரும்பு வெட்டுக்கும் அவர்களுக்கும் தொடர்பே இல்லை. இதில் எந்தச் சுழற்சியைப் பாடமாக்குவது?

மறுமொழி: மஹேபூர், தமிழாசிரியர்

புனுன் மக்களின் நிலையும் அவ்வளவு எளிதன்று. ஜப்பானியர் ஆட்சியில் அவர்களுள் பலர் உயர்மலைகளிலிருந்து கட்டாயமாகக் கீழே இறக்கப்பட்டார்கள்; இன்று பிள்ளைகள் பெரிதும் பேசுவது சீனமொழியே. நமக்கு இல்லாதது முழுநாள் பள்ளியும் அதற்கான சட்டமும்தான். சுழற்சி நம்மிடமும் உண்டு. தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாள்களில் கோயில் சமையலறைக்குப் பிள்ளைகளை அனுப்பி, வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிக்கு என்னென்ன காய், எத்தனை பேருக்கு எவ்வளவு என்று பாட்டிமாரிடம் கேட்டுத் தமிழில் எழுதிவரச் சொல்லுங்கள். கணக்கும் சொல்வளமும் அதிலேயே வந்துவிடும். புரியாத இடத்தில் கிரியோலில் விளக்கத் தயங்க வேண்டாம். 2012 முதல் அதுவும் பள்ளிப்பாடம்தானே. ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதவுள்ள பிள்ளைகளிடம் மட்டும் இந்த ஆண்டு இதைத் தொடங்காதீர்கள், பெற்றோர் பொறுக்கமாட்டார்கள்.