சென்னைப் பெருநகர எல்லை விரிவாக்கம்: புதிய மனைப்பிரிவுகளை நிறுத்திவைக்க வேண்டுமா?

வரதராஜபுரவாசி:
சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. ஆனால் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008இல் நடைமுறைக்கு வந்தது; அது பழைய எல்லைக்காக, 2026 வரையிலான வளர்ச்சியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஊர்களுக்கு முழுமையான நிலப்பயன்பாட்டு வரைபடம் உறுதியாகும்வரை, ஏரிகளையும் வரத்துக்கால்வாய்களையும் ஒட்டிய வயல்களில் புதிய மனைப்பிரிவு எதற்கும் அனுமதி தரக்கூடாது என்பது என் கருத்து. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் எங்கள் வீட்டு மாடிப்படிகளில் ஒன்பதாம் படிவரை ஏறி நின்றது. தண்ணீர் வடிந்தபின் தெருவின் நடுவில் மண் அரித்துப்போய், பழைய மதகு ஒன்றின் செங்கல் சுவர் வெளியே தெரிந்தது. நாங்கள் அன்றாடம் நடந்த சாலை ஒரு கால்வாயின் மேல் போடப்பட்டிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

கூடுவாஞ்சேரி முகவர்:
ஐயா, நீங்கள் பட்ட துன்பத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருபது ஆண்டுகளாக மனை விற்பனையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அனுமதியை நிறுத்தினால் வீட்டுத் தேவை நின்றுவிடாது, அனுமதியில்லாத இடத்தைத் தேடிப் போகும். அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, மகளின் திருமணச் செலவுக்காக மனையை விற்க வந்தவர்கள் கிரயப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் அலுவலக வாசலில் நின்றார்கள். அடுத்த ஆண்டே, 2016 அக்டோபர் 20 வரை பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு ஒரு திட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மாதச் சம்பளக்காரர் அரை கிரவுண்டு வாங்கும் விலையில் அங்கீகரிக்கப்பட்ட மனை கிடைக்காததுதான் இதன் வேர். நீங்கள் கேட்கும் தடை அந்த விலையை மேலும் ஏற்றிவிடும்.

நகரமைப்பு மாணவி:
முகவர் ஐயா சொல்லும் விலைச் சிக்கல் உண்மையானது. ஆயினும் மனைப்பிரிவுகளைத் தனித்தனியாகப் பார்த்து அனுமதிப்பதால் வரும் கேட்டை அந்த வாதம் தொடவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கிறது. அந்த ஏரிகள் வெவ்வேறு ஊராட்சிகளிலும் நகராட்சிகளிலும் இருந்தவை. ஒவ்வோர் இடத்திலும் விதிப்படியே அனுமதி தந்திருந்தாலும், மொத்தத்தில் நீரின் வழி அடைபடலாம். சதுப்புநிலத்தின் பெரும்பகுதி போனபின்தான் எஞ்சியது 2022இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. திறந்தவெளி ஒதுக்கீட்டு விதியும் இதே குறையுடையது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான நிலத்தில் பத்து விழுக்காட்டைப் பூங்கா போன்ற பொதுத் திறந்தவெளிக்காகத் தானப்பத்திரமாகத் தர வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாகப் பணமும் கட்டலாம். கட்டிய பணம் மழைநீரை உறிஞ்சாது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு ஏற்கெனவே உள்ளது. அதைப் புதிய எல்லையிலுள்ள மற்ற ஏரிகளுக்கும் விரிப்பது இயலாத காரியமன்று.

கூடுவாஞ்சேரி முகவர்:
அம்மா, நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அங்கே இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயியின் நிலை என்ன? பக்கத்துச் சர்வே எண்ணில் சென்ட் இலட்சங்களில் விலைபோகும்போது, அவருடைய நிலம் மட்டும் நகரம் முழுவதையும் காப்பதற்காக முடக்கப்படுகிறது. அதற்கான ஈட்டை அவருக்கு யார் தருவார்கள் என்பதற்கு விடை சொல்லாத திட்டம் எதையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

நகரமைப்பு மாணவி:
மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்ற ஏற்பாடு நம் கட்டட விதிகளிலேயே இருக்கிறது. கட்ட முடியாத நிலத்தின் உரிமையை வேறிடத்தில் கூடுதல் தளம் கட்டுவோருக்கு விற்க அது வழிசெய்கிறது. அதை நீர்ப்பிடிப்பு நில உரிமையாளர்களுக்கும் உரியதாக்கலாம். சந்தையில் அதை வாங்க ஆள் வருவார்களா என்பதில் எனக்கும் ஐயம் உண்டு. ஆகவே அரசே ஓர் அடிப்படை விலைக்கு அதை வாங்க முன்வர வேண்டும்.

வரதராஜபுரவாசி:
விவசாயிக்கு ஈடு தர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. என் கோரிக்கையையும் சற்றுக் குறுக்கிக்கொள்கிறேன்: எல்லா வயல்களையும் நிறுத்த வேண்டாம், நீர்வழியில் வரும் சர்வே எண்களை மட்டும் நிறுத்திவைத்து, அவற்றின் பட்டியலை ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்தின் சுவரிலும் ஒட்டட்டும். மனை வாங்குமுன் நான் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டினேன். மூன்றிலும் பிழையில்லை என்றார். அந்தக் கால்வாய் பழைய கிராம வரைபடத்தில் மட்டும் இருந்தது. அதைப் பார்க்கச் சொல்லி எங்களிடம் எவரும் கூறவில்லை.