புதுப்பிப்பு: மெலனோமா திசு டிஎன்ஏவில் பிசிஆர் நின்றுபோன சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: திசு வங்கியில் உறைநிலையில் வைத்த கருமை மிகுந்த மெலனோமா (தோல் புற்றுநோய் வகை) மாதிரிகளிலிருந்து எடுத்த டிஎன்ஏ பழுப்பாக வந்தது, பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் முறை) பட்டையே விழவில்லை, அதாவது எதுவும் பெருகவில்லை.

முதலில், நன்றாகப் பெருகும் சாதாரண டிஎன்ஏவோடு இதைச் சிறிது கலந்து ஓட்டியதில் அதுவும் நின்றது. ஆக, டிஎன்ஏ சிதைவு மட்டுமே காரணமல்ல, மாதிரியில் ஒரு தடுப்பான் இருக்கிறது. கருநிறமியான மெலனின்தான், டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸைத் தடுக்கிறது. எத்தனாலில் மறுபடி வீழ்படிவாக்கியது வீண்வேலை, நிறமும் கூடவே வந்தது. பத்து மடங்கு நீர்த்தது வெளிர் மாதிரிகளுக்கு மட்டும் உதவியது.

கைகொடுத்தது பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதமான அல்புமின்). மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைசலில் 0.5 மைக்ரோலிட்டரை 25 மைக்ரோலிட்டர் வினைக்கலவையில் சேர்த்தோம் (மைக்ரோலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம்). பட்டை தெளிவாக விழுந்தது. மையிருட்டாக இருந்த சிலவற்றுக்கு மட்டும் தடுப்பானை நீக்கும் வடிகட்டுக் குழாய் (column) தேவைப்பட்டது. அதில் டிஎன்ஏவும் கொஞ்சம் போகும்.

எதிர்பாராதது: மெலனின் 260 நானோமீட்டரிலும் ஒளியை உறிஞ்சுவதால் நானோடிராப் (ஒளி உறிஞ்சலை வைத்து டிஎன்ஏவை அளக்கும் கருவி) அளவைக் கூடுதலாகக் காட்டியிருந்தது. ஒளிர்சாய முறையில் அளந்தபோது உண்மையான அளவு மிகக் குறைவு. பழைய பதிவுகளையும் திருத்த வேண்டியதாயிற்று, அலுப்பான வேலை.

ஒரு எச்சரிக்கை: பிஎஸ்ஏவைச் சேமிப்புக் குழாயில் கலக்காதீர்கள். அது புரதம் என்பதால், தூய்மையைப் பார்க்கும் 280 நானோமீட்டர் அளவீட்டைக் குழப்பும். அதே குழாயை வாங்கும் அடுத்த ஆய்வகத்துக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. வினைக்கலவையில் மட்டும் சேருங்கள். வங்கிப் பட்டியலில் இப்போது 'நிறம்' என்றொரு கட்டமும் உண்டு.