கோர்க் பாலி-61க்கு எந்தக் கோரஸ் பெடல் பொருந்தும்? ஒலி உடைவதற்கும் இரைச்சலுக்கும் தீர்வு தேவை

ஐந்தரைக்கட்டை எழுதியது:

வணக்கம். என்னிடம் 1982ஆம் ஆண்டுக் காலத்துக் கோர்க் பாலி-61 சிந்தசைசர் ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த பாலிசிக்ஸில் கோரஸ், ஃபேஸ், என்செம்பிள் ஆகிய மூன்று எஃபெக்ட்களும் (ஒலியை அசைத்து விரிக்கும் பகுதிகள்) உள்ளேயே அமைந்திருந்தன. பாலி-61இல் ஒவ்வொரு குரலுக்கும் இரண்டாவது ஆஸிலேட்டரைக் (ஒலியைப் பிறப்பிக்கும் பகுதி) கொடுத்தவர்கள், அந்த எஃபெக்ட் பகுதியை அடியோடு எடுத்துவிட்டார்கள். அதனால் ஸ்ட்ரிங்ஸ், பேட் வகை ஒலிகள் சுருதி பிசகாமல் நின்றாலும் உயிரற்றுத் தட்டையாகக் கேட்கின்றன.

நண்பர் ஒருவரிடம் கிட்டார் கோரஸ் பெடல் ஒன்றை இரவல் வாங்கி இணைத்துப் பார்த்தேன். ஐந்தாறு விரல்களில் கார்டு வாசித்தால் ஒலி கரகரவென்று உடைகிறது; கையை எடுத்ததும் 'உஸ்' என்ற இரைச்சல் அலைபோல் ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்கிறது. சிந்தசைசரை நேரே மிக்சரில் செருகினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஒரே ஒரு பெடல்தான் வாங்க முடியும். வீட்டில் ஸ்டீரியோவாகப் பதிவு செய்வேன். மேடையிலோ எனக்குக் கிடைப்பது ஒற்றைக் கேபிள்தான். எதை வாங்குவது நல்லது?

பழுதுமேசை எழுதியது:

பெடலின் பெயரைப் பார்ப்பதற்கு முன் சிக்னலின் அளவைப் பாருங்கள். கிட்டார் பெடல்கள் பெரும்பாலும் சில நூறு மில்லிவோல்ட் அளவிலான சிக்னலை எதிர்பார்த்து, 9 வோல்ட் மின்சாரத்தில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. சிந்தசைசர் அப்படியல்ல, ஒற்றைச் சுரத்தில் அடக்கமாக இருக்கும் வெளியீடு, ஆறு குரலும் ஃபில்டர் திறந்த நிலையில் ஒன்றுசேரும்போது பல மடங்கு உயர்ந்து, பெடலின் முன்கட்டத்திலேயோ அதன் உள்ளிருக்கும் பிபிடி சில்லிலேயோ முட்டி உடைகிறது.

அனலாக் கோரஸின் இதயமே அந்தப் பிபிடி சில்லுதான். சிக்னலைத் துளித்துளியாக எடுத்து, வரிசையாக உள்ள மின்தேக்கிகளின் வழியே கைமாற்றித் தாமதப்படுத்துவது அதன் வேலை. பாஸ் நிறுவனத்தின் சிஇ-2 பெடலில் இருந்த எம்என்3007 சில்லில் 1024 கட்டங்கள் உண்டு. கடிகாரத் துடிப்பு 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் தாமதம் ஏறத்தாழ 5 மில்லிசெகண்ட். அந்தத் துடிப்பை மெதுவாகக் கூட்டிக் குறைத்தால் தாமதம் மாறுகிறது, தாமதம் மாறும்போது சுருதி லேசாக அசைகிறது, அசைந்த ஒலி அசையாத ஒலியோடு கலப்பதுதான் நாம் கேட்கும் கோரஸ். குறைந்த மின்னழுத்தத்துக்கென்று பின்னாளில் வந்த எம்என்3207 சில்லு இன்னும் சிறிய சிக்னலிலேயே உடைந்துவிடும். விலை மலிவான பல பெடல்களில் இருப்பது இந்த வகைதான்.

இப்போது இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். முதலில் பாலி-61இன் வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்கி, உங்களிடமுள்ள மிகப் பருத்த கார்டை வாசித்துக்கொண்டே, உடையத் தொடங்கும் இடம் வரை மெல்ல ஏற்றி, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பிறகு வால்யூமை முழுதாகச் சுழியத்தில் வைத்துவிட்டுப் பெடலின் ரேட் (அசைவின் வேகம்) குமிழைத் திருகுங்கள். இரைச்சலின் அலை அந்தக் குமிழோடு வேகம் மாறினால் அது பிபிடியின் இரைச்சல். மாறாமல் ஒரே சுரத்தில் விசிலடித்தால் அடாப்டரைச் சந்தேகிக்க வேண்டும். பல பெடல்களை ஒரே சுவிட்ச் மோட் அடாப்டரில் கோத்திருந்தால் இது அடிக்கடி நடக்கும்.

தொலைவில்ஜூனோ எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரைச்சலே இல்லாத அனலாக் கோரஸைத் தேடி அலைய வேண்டாம். எல்லோரும் கொண்டாடும் ரோலண்ட் ஜூனோ-60 சிந்தசைசரின் கோரஸும் 'உஸ்' என்றுதான் இரைக்கும். அதில் இரண்டு எம்என்3009 சில்லுகள் இருக்கின்றன. ஒரே எல்எஃப்ஓ (மெதுவான அசைவைத் தரும் ஆஸிலேட்டர்), ஒரு சில்லை முன்னே தள்ளும்போது மற்றதைப் பின்னே இழுப்பதால் இடமும் வலமும் எதிரெதிராக அசைகின்றன. முதல் பொத்தானில் அந்த அசைவின் வேகம் ஏறக்குறைய 0.5 ஹெர்ட்ஸ், இரண்டாவதில் 0.8 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். அவ்வளவு மெதுவாக இருப்பதால்தான் கார்டு ஆடாமல் விரிகிறது. பெடலில் ரேட்டைப் பாதிக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டு ஜூனோவின் ஒலி வரவில்லையே என்று வருந்துவோர் பலர்.

தேர்வைப் பொறுத்தவரை, பாஸ், ரோலண்ட் வழியில் இரண்டு குணங்கள் உண்டு. 1976இல் வந்த பாஸ் சிஇ-1, ரோலண்டின் ஜாஸ் கோரஸ் ஆம்ப்பின் சுற்றிலிருந்து பிறந்தது. ஸ்டீரியோவில் ஒரு பக்கம் அசையாத ஒலியையும் மறுபக்கம் அசையும் ஒலியையும் தந்து, காற்றிலேயே கலக்க விடும். 1979இன் ரோலண்ட் டைமென்ஷன் டி வேறு விதம்: எதிரெதிராக அசையும் இரண்டு தாமதங்களையும் இரு பக்கங்களுக்கும் குறுக்காகக் கலப்பதால் சுருதி ஆடுவதே தெரியாமல் அகலம் மட்டும் கூடும். 1985இன் டிசி-2 பெடல் அதன் சிறிய வடிவம். இன்று டிசி-2டபிள்யூ கிடைக்கிறது. பதிவுக்கு மட்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு டைமென்ஷன் வகையைச் சொல்வேன். ஆனால் ஒற்றைக் கேபிளில் இரு பக்கத்தையும் கூட்டினால் அந்த விரிவு பெரிதும் வற்றிவிடும். தங்கள் மேடைக்கு அது ஒத்துவராது. மோனோவிலும் கோரஸ் கோரஸாகவே கேட்க வேண்டுமென்றால் சிஇ-2டபிள்யூ போன்ற பெடலே பொருத்தம்: சிஇ-2, சிஇ-1 இரண்டின் ஒலியும் அதில் உண்டு, ஸ்டீரியோ வெளியீடும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலி-61இன் ஆஸிலேட்டர்கள் டிசிஓ (டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தப்படும் ஆஸிலேட்டர்) வகை. கடிகாரத்திலிருந்து சுருதி பிறப்பதால் ஆறு குரலும் ஒன்றோடொன்று பூட்டியதுபோல் நிற்கும். இரண்டாவது டிசிஓவை டீட்யூன் செய்தால் (சுருதியைச் சற்று விலக்கினால்) கிடைப்பது சீராக அடிக்கும் ஒரு துடிப்பு. அதன்மேல் கோரஸின் அசைவும் சேர்ந்தால் இரண்டும் மோதிக் கூழாகிவிடும். கோரஸ் போடும் ஒலிகளில் டீட்யூனைச் சுழியமாக்கி, இரண்டாவது டிசிஓவை ஒரு ஸ்தாயி மேலே வைத்துப் பாருங்கள்.

மேல்ஸ்தாயி எழுதியது:

பழைய சிஇ-1 மீது ஆசை வந்தால் ஒரு வார்த்தை. உள்ளீட்டில் ஹை, லோ சுவிட்சும், லெவல் குமிழும், அளவு மிஞ்சினால் எரியும் விளக்கும் அதில் இருப்பதால் கீபோர்டுக்கு அது மிக வசதியானது. ஆனால் அது நேரே மின்சாரத்தில் செருகும் பெட்டி. ஜப்பானியப் பதிப்பு 100 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகக் கூடாது. மேலும், பேஸ் வாசிக்கும்போது கோரஸை நிறுத்திவிடுங்கள். தாமதமான ஒலி மூல ஒலியோடு கலக்கையில் சில சுரங்களின் அடிப்பகுதி ரத்தாகி, வாசிப்பில் ஓட்டை விழுந்ததுபோல் கேட்கும்.

ஐந்தரைக்கட்டை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வால்யூமைப் பாதிக்குச் சற்றுக் கீழே நிறுத்தியதும் உடைவது நின்றுவிட்டது. அதைவிடக் குறைத்தால் மிக்சரில் கெயினை ஏற்ற வேண்டியிருந்து இரைச்சல் முன்னுக்கு வருவதையும் கேட்டேன். இரைச்சலின் அலை ரேட் குமிழோடுதான் நகர்கிறது, ஆகவே அடாப்டர் குற்றமற்றது. டீட்யூனை நீக்கி ரேட்டை வெகுவாகக் குறைத்தபோது, இரவல் பெடலிலேயே ஸ்ட்ரிங்ஸ் ஒலி எனக்குப் பிடித்த அளவுக்கு விரிந்தது. மேடையை முன்னிட்டுச் சிஇ-2டபிள்யூ வாங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஓர் ஐயம்: மிக்சரில் ஆக்ஸ் செண்ட் (ஒலியின் ஒரு பங்கை எஃபெக்டுக்குத் தனியே அனுப்பும் வழி) வழியாக இணைக்கலாமா, அல்லது சிந்தசைசருக்கும் மிக்சருக்கும் நடுவில் நேராகவே வைக்க வேண்டுமா?

பழுதுமேசை எழுதியது:

நடுவில் நேராகவே வையுங்கள். இந்தப் பெடல்கள் மூல ஒலியைத் தாமே கலந்து தருபவை. ஆக்ஸ் வழியாக அனுப்பினால் மிக்சரில் மூல ஒலி இரண்டாம் முறை சேர்ந்து கோரஸ் நீர்த்துப்போகும்.